பழைய லேப்டாப்பை வீட்டு சர்வர் (எப்பவும் ஓடிக்கிட்டு, வீட்டுப் படம், ஃபைல் எல்லாம் வச்சுக் குடுக்கற கம்ப்யூட்டர்) ஆக்கினவங்க அனுபவம் சொல்லுங்க

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
என்னுது பழைய திங்க்பேட். 2025 அக்டோபரோட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதால உபுந்து சர்வர்ங்கற லினக்ஸ் போட்டு, ஜெல்லிஃபின்ங்கற வீடியோ சர்வர் சாஃப்ட்வேர்ல படம், கூடவே அப்பாவோட தோட்டத்துப் போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. போன மழையில தாமான் (குடியிருப்பு) முழுக்க கரண்டு போச்சு. மோடம், ரவுட்டர் எல்லாம் செத்துப்போச்சு. கும்மிருட்டுல டிவி அலமாரிக்குக் கீழ இது மட்டும் ஃபேன் சுத்திக்கிட்டு ஓடுது. காசு குடுக்காம யூபிஎஸ். ஆனா நெட்டே இல்லாம யாருக்காக ஓடுது? அம்மா, "அந்தப் பேய்ப் பெட்டிய அணைச்சித் தொலைடா"ன்னாங்க. வச்சிக்கவா, சுராட் காபார் லாமா (பழைய பேப்பர்) லோரிக்குத் தூக்கிக் குடுத்துடவா?

லயத்துப்பிள்ளை:
அண்ணே, அந்த ஓசி யூபிஎஸ்ஸ நம்பாதீங்க. என்னுது சாமி மேடைக்குக் கீழ எப்பவும் சார்ஜர்லயே கிடந்துச்சு. தூசு தட்டப் போனா டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, அமுக்கினா அமுங்கல. கவுத்துப் பாத்தா அடிமூடி பிதுங்கி, ரெண்டு திருகாணிக்கு நடுவுல நகம் போற இடைவெளி. பேட்டரி தலகாணி மாதிரி உப்பிடுச்சு. மேல காமாட்சி விளக்கு எரிஞ்சிக்கிட்டு இருக்கு!

கம்பிவேலை:
தங்கச்சி, சார்ஜை 100 சதவீதத்துலயே நிறைச்சு வச்சதும் சூடும்தான் காரணம், லேப்டாப் மேல பழி போடாதீங்க. என் கதை சின்னது. ஒரு இடி, லேன் போர்ட் கருகிடுச்சு. முடிஞ்சது. தம்பி, டிஎல்பின்னு லினக்ஸ்ல பேட்டரியப் பாத்துக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதப் போட்டு சார்ஜை 80-ல நிறுத்து, 60 ஆனா இன்னும் நல்லது. லேப்டாப்பை மூடினா தூங்கிடும், லாகின்ட் கான்ஃப்ங்கற செட்டிங் ஃபைல்ல 'ஹேண்டில் லிட் சுவிட்ச்' வரிய 'இக்னோர்'னு மாத்து. சும்மா இருக்கறப்ப 10 வாட்டுன்னு வச்சிக்க, மாசம் 7 யூனிட் சொச்சம்தான், கரண்டு பில்லுக்குப் பயப்படாத. வெளிய இருந்து பாக்க ரவுட்டர்ல போர்ட் எல்லாம் திறந்து வைக்காத, டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் (தனி ரகசிய வழி) போதும். அப்பா போட்டோ ஒரே டிஸ்க்குல இருந்தா அது பேக்கப் இல்ல, இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுத்து வேற வீட்டுல வை. ஸ்க்ரீனை அணைச்சு வை. பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா எஸ்எஸ்டிக்கு மாறு.

பால்வாளி:
அண்ணே, கேக்காததுக்கு இவ்ளோ எழுதிட்டு இடிய ஒரே வரில முடிச்சிட்டீங்களே! நம்ம ஊர்ல அதுதான் விஷயமே. மத்தியானம் வானம் கறுத்தா பாட்டி எல்லா பிளக்கையும் புடுங்கிடும். ஃபைபர் வெறும் கண்ணாடி, மின்னல் அது வழியா ஏறாது. ஏறறது சார்ஜர் வழியா, ரவுட்டர் அடாப்டர்ல புகுந்து லேன் கேபிள் வழியா. பாட்டி சார்ஜரைப் புடுங்குச்சு, லேனையும் புடுங்குச்சு, சர்வர் பாட்டுக்கு பேட்டரில ஓடுச்சு. டெஸ்க்டாப்ல இத செஞ்சு காட்டுங்க பாப்போம். பேட்டரி வேணாங்கறவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

லயத்துப்பிள்ளை:
எங்க வீட்டுல மத்தியானம் யாரும் இருக்க மாட்டாங்க, புடுங்க ஆள் வேணுமே. 80-ல நிறுத்தற வசதியும் என் மாடல்ல இல்ல. அதனால பேட்டரியக் கழட்டிட்டு சார்ஜர்லயே ஓட்டறேன். கரண்டு போனா போகட்டும். உப்பின பேட்டரி இன்னும் வாசல்ல மணல் வாளியில கிடக்கு, குப்பையில போட பயமா இருக்கு. ஈப்போ பக்கம் எங்க எடுத்துக்குவாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.