ஷாம்பெயினில் ஒருநாள் திராட்சை பறிப்பு: சட்டம், உடை, கத்தரி

ரான்ஸ்_மாணவி
பிரான்ஸில், ஷாம்பெயின் வைன் தயாராகும் ஷாம்பெயின் வட்டாரத்து ரான்ஸ் நகரில் மாணவர் விசாவில் படிக்கிறேன். எப்பர்னே ஊர்ப்பக்கம் சிறு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பறிப்புக்குக் கைகொடுக்கக் கூப்பிடுகிறார். மதியச் சாப்பாடு உண்டு, சம்பளப் பேச்சு இல்லை. இப்படிச் சும்மா போய் உதவுவது சட்டப்படி சரியா? என்ன உடுத்திப் போகணும்? கொத்தை எப்படி வெட்டினால் சரக்கு கெடாது?

கணக்குப்பிள்ளை
சும்மா போகாதீர்கள். லாபத்துக்கு நடக்கும் தோட்டத்தில் "தன்னார்வம்" என்ற ஏற்பாட்டைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்காது. நெருங்கிய குடும்பத்தார் உதவினால் வேறு கதை. மற்றபடி தொழிலாளர் ஆய்வாளர் வந்து நின்றால் அது பதிவில்லாத வேலை, தண்டம் தோட்டக்காரருக்கு. விரல் வெட்டுப்பட்டால் காப்பீடு இல்லாமல் நிற்கப்போவது நீங்கள்.

நேர்வழி சுலபம். "கோந்த்ரா வாந்தாஞ்" என்ற அறுவடை ஒப்பந்தம் இதற்காகவே இருக்கிறது. அதிகபட்சம் ஒரு மாதம்; ஒரே ஒரு நாளுக்கும் போடலாம். விவசாயக் காப்பீடான எம்.எஸ்.ஏ. தளத்தில் தெசா என்ற ஆள்சேர்ப்புப் படிவத்தைத் தோட்டக்காரர் நிரப்பினால் ஒப்பந்தமும் வேலைக்கு முந்தைய அறிவிப்பும் ஒன்றாக முடிந்துவிடும். நீங்கள் வேலையில் கைவைக்கும் முன் அது போயிருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் என்பதால் இன்னொன்றும் உண்டு: உங்கள் அனுமதி அட்டையின் நகலை, குறைந்தது இரண்டு வேலைநாளுக்கு முன் அவர் பிரிஃபெக்சர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை போன் செய்து "நாளைக்கு வா" என்றால் நடக்காது.

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; இந்த ஒரு நாளும் அதில் கழியும். சம்பளம் சட்டக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது (2025-ல் பிடித்தம் போகுமுன் மணிக்கு 11.88 யூரோ). கிலோ கணக்கில் கூலி பேசினாலும் இதே அளவுகோல்தான்.

சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம், அந்த விசாவில் வேலையே கூடாது. காசு கட்டிச் சிறிது நேரம் பறித்துப் பார்க்கும் சுற்றுலா நிகழ்ச்சிகளைச் சில தோட்டங்கள் நடத்துகின்றன. அவர்களுக்கு அதுதான் வழி.

கொடிவரிசை
வெட்டுவதைப் பற்றி. ஷாம்பெயினில் எந்திரப் பறிப்பு கிடையாது; முழுக் கொத்தாகக் கையால்தான் பறிக்கணும். பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்புத் திராட்சை, ஆனால் வேண்டியது வெள்ளைச் சாறு. பழம் நசுங்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கிவிடும். கொத்தின் காம்புகளும் சும்மா இல்லை, பிழியும் ஆலைக்குள் சாறு வடிய அவைதான் வழிவிடும்.

கத்தரி சிறியது, முனை கூர், ஸ்பிரிங் வைத்தது. முதலில் இலையை விலக்கிக் காம்பைக் கண்ணால் பாருங்கள். இடது உள்ளங்கையைக் கொத்துக்குக் கீழே தாங்கலாகக் கொடுத்து, கொத்தை ஒட்டி வெட்டுங்கள். காம்பைத் தேடி விரலை மேலே விடாதீர்கள். காயங்களில் பெரும்பாலானவை இடது கையில்தான். கொடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று வேலை நடக்கும். எதிராளியும் அதே கொத்துக்குக் கை நீட்டலாம் என்பதால், இரண்டு கையும் தெரியாத இடத்தில் கத்தரியை மூடாதீர்கள்.

கம்பியைச் சுற்றி வளர்ந்த கொத்தை இழுத்தால் பழம் வெடிக்கும். இரண்டாக வெட்டி எடுங்கள். வாளியைக் கொத்துக்கு நேர் கீழே, சரிவென்றால் மேட்டுப் பக்கமாக வையுங்கள். வாளி நிறைந்தால் அமுக்கி இடம் பண்ண வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். பெட்டியில் கொட்டும்போது வாளி விளிம்பு பெட்டிக்குள் இறங்கியிருக்கணும். நிறைந்த பெட்டி 45, 50 கிலோ வரும். தனியாகத் தூக்க வேண்டாம்.

எப்பர்னே_அண்ணா
தங்கச்சி, காலமை ஏழு மணிக்கு இலையெல்லாம் பனியில தோய்ஞ்சு கிடக்கும். மழைக்காற்சட்டை போடாட்டில் பத்து நிமிசத்தில தொடை நனைஞ்சிடும். மழை பெய்த மண் காலில அப்பும், ஆனபடியால் றப்பர் பூட்ஸ் நல்லது; மத்தியானத்துக்கு மாத்த வேற சப்பாத்து கொண்டு போங்கோ. மேல் உடுப்பு மூண்டு அடுக்காப் போட்டால் வெயில் ஏற ஏறக் கழட்டலாம். கழுத்தையும் மறைக்கிற தொப்பி வேணும்.

கொத்து முழங்கால் உயரத்திலதான் தொங்கும். இடுப்பில வளைஞ்சு நிண்டால் மத்தியானத்துக்கு முதலே நாரி விட்டிடும். ஒரு முழங்காலை நிலத்தில ஊண்டி, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா காலை மாத்துங்கோ. முழங்கால் பட்டி வாங்குற காசு வீண் போகாது.

இடது கைக்கு வெட்டுத் தாங்குற கையுறை, வலதுக்கு மெல்லிய நைட்ரில் றப்பர் கையுறை காணும். வெடிச்ச பழத்தில குளவி இருக்கும், வடிவாப் பார்த்துப் பிடியுங்கோ. அலர்ஜி இருந்தால் அட்ரினலின் ஊசி பையில இருக்கவேணும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டது எண்டும் பாருங்கோ. கொடிக்குச் செம்பு மருந்து அடிச்சிருப்பினம், கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

கடும் வெக்கை நாளில, குழாய்த் தண்ணி இல்லாத இடத்தில ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் தண்ணி குடுக்கவேணும் எண்டு 2025 ஜூலை தொடக்கம் சட்டம். 2023 செப்டம்பர் வெக்கையில ஷாம்பெயின் அறுவடையில ஆக்கள் செத்தவை. தலை சுத்தினால் வெட்கப்படாமல் நிழலுக்குப் போங்கோ. மத்தியானம் வைன் ஊத்துவினம். பின்னேரமும் கத்தரி பிடிக்கிறவை தொடாமல் விடுறதுதான் புத்தி.

ரான்ஸ்_மாணவி
அவரிடம் ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறேன். இன்னொன்று: கொத்தில் பாதி அழுகியிருந்தால் முழுசாகத் தூக்கிப் போடணுமா?

கொடிவரிசை
அழுகலைப் பொறுத்தது. சாம்பல் நிறப் பூஞ்சை ஒரு மூலையில் மட்டும் என்றால், கத்தரி முனையால் அந்தப் பகுதியை வெட்டி உதிர்த்துவிட்டு மிச்சத்தை வாளியில் போடலாம். அந்தப் பூஞ்சையின் நொதி சாற்றைச் சீக்கிரம் பழுப்பாக்கும், காளான் வாடையும் ஏறும். அதனால் "கொஞ்சம்தானே" என்று விடாதீர்கள்.

புளித்த அழுகல் வேறு. பழம் செங்கல் பழுப்பாகி ஒழுகும், சின்ன ஈ மொய்க்கும், முகர்ந்தால் வினிகர். அந்தக் கொத்து முழுசாகப் போகட்டும். சாறு பக்கத்துப் பழங்களிலும் ஒழுகியிருக்கும். வெட்டிய கத்தரியையும் துடைத்துவிடுங்கள்.

கிளையின் மேல்பகுதியில் சிறிதாக, கெட்டியாக, பச்சையாகத் தொங்குவது இரண்டாம் காய்ப்பு. புதியவர்கள் "விட்டுப்போச்சே" என்று அதையும் வெட்டுவார்கள். அதில் வெறும் புளிப்புதான், கொடியிலேயே இருக்கட்டும். வெயிலில் சுருங்கிய பழத்துக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் மாறும், முதல் வரிசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.