குஸ்மேனியா லிங்குலாட்டா: சிவப்புக் கொத்து பச்சையாகிறது, கன்றைப் பிரிக்கலாமா?

இலைக்கிண்ணம்:
தொட்டியில் வளரும் அன்னாசிக் குடும்பச் செடி. பூங்கொத்தின் சிவப்பு மங்கிப் பச்சையாகிறது. இலைகள் கூடி நடுவில் அமைந்த கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் நாறுகிறது. இலை இடுக்கில் ஒரு கன்று, தாயின் உயரத்தில் கால்வாசி இருக்கும். இப்போதே பிரித்து மரக்கட்டையில் கட்டலாமா? தாய்ச்செடி மறுபடி பூக்க உரம் கூட்டவா?

மழைக்காட்டான்:
உரம் வேண்டாம். ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும்; அதன் பிறகு கன்றுக்குச் சத்து கொடுத்துக்கொண்டே மெல்லக் காயும். சிவப்பாக இருப்பவை பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றின் நடுவே வெள்ளையாக எட்டிப்பார்த்து, சில நாளில் வாடிவிடும். அழுகும் பூந்தண்டுதான் நாற்றத்துக்குக் காரணமாக இருக்கும். அதை எவ்வளவு அடியில் முடியுமோ அங்கே வெட்டுங்கள். செடியைக் கவிழ்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டி, மழைநீரால் அலசி, கிண்ணத்தில் கால்பங்கு மட்டும் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலையில் வெள்ளைப் படலம் படியும், நுனி கருகும்.

தொற்றுவேர்:
கன்றுக்கு அவசரம் கூடாது. தாயின் உயரத்தில் பாதி வரட்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்தால் பெரும்பாலும் வாடிவிடும். இன்னொன்று: குஸ்மேனியாக் கன்று பல சமயம் தாயின் இலைகளுக்குள் ஒட்டி நிமிர்ந்தே வளரும். இழுத்தால் அடியில் முறியும். அப்படி இருந்தால் பிரிக்கவே வேண்டாம், காய்ந்த தாயிலைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்தால் கன்று அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் முளைத்தது என்றால் சுத்தமான கத்தியால் அடியோடு வெட்டி, வெட்டுவாய் ஒரு நாள் உலர்ந்த பின் கட்டுங்கள்.

கட்டுவதற்குத் தாமிரக் கம்பி கூடவே கூடாது, இந்தக் குடும்பத்துக்குத் தாமிரம் நஞ்சு. தாமிர மருந்து ஏற்றிய மரமும் அப்படித்தான். நைலான் பட்டை போதும். மாஸ் பாசி வைத்தால் வேரைச் சுற்றி மெல்லிய அடுக்காக வையுங்கள். இலையடியை மூடினால் அழுகும். கட்டு ஆடினால் வேர் பிடிக்காது.

இலைக்கிண்ணம்:
கிண்ணத்தில் கொசுப்புழு வந்தால் எண்ணெய் விடலாமா?

மழைக்காட்டான்:
ஐயோ, வேண்டாம். இலைமேல் இருக்கும் நுண்செதில்கள்தான் நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன, எண்ணெய் அவற்றை அடைத்துவிடும். பி.டி.ஐ. எனும், கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து இருந்தால் பொட்டலத்தில் சொன்ன அளவில் போடலாம், செடிக்குத் தீங்கில்லை.

தொற்றுவேர்:
கன்று முழு வளர்ச்சி அடைந்தும் பூக்கவில்லை என்றால், கிண்ணத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் மூடி நிழலில் வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். கொத்து தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இளஞ்செடியில் இதைச் செய்தால் பூக்காது, பூத்தாலும் நோஞ்சானாக வரும். வெயிலில் பை வைத்தால் செடி உள்ளேயே வெந்துவிடும்.

மழைக்காட்டான்:
கன்று வளரும் காலத்தில் திரவ உரத்தைப் பொட்டலம் சொல்வதில் கால்பங்காகக் கரைத்து, மாதம் ஒருமுறை இலைமேல் தெளியுங்கள். கிண்ணத்தில் ஊற்றினால் பாசி படரும். தழைச்சத்து அதிகமானால் இலை நீண்டு தொங்கும், கொத்தின் நிறமும் வெளிறும். மத்திய அமெரிக்கக் காடுகளில் இது மரநிழலில் வாழ்வது, ஆகவே நேர்வெயில் வேண்டாம்.