ராகப் பாடத்தில் சினிமாப் பாட்டுத் துணுக்கு: எத்தனை விநாடி வரை போடலாம்?

கேள்வி (மேளகர்த்தா29):
சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்தியமம் ('ம' ஸ்வரம்) மட்டும்தான் வித்தியாசம் என்று விளக்க, சினிமாப் பாடல்களிலிருந்து 15 விநாடித் துணுக்குகளை வெட்டிப் போட நினைக்கிறேன். வகுப்பு மாணவர்களுக்கும் உண்டு, யூடியூபிலும் ஏற்றுவேன். 30 விநாடிக்குள் இருந்தால் காப்புரிமைப் பிரச்சினை இல்லை என்கிறார்களே, சரியா? பழைய இசைத்தட்டில் உள்ள தியாகராஜர் கீர்த்தனைகளுக்கும் இதே கணக்கா?

பதில் (பிரிவு52):
முதலில் ஒரு திருத்தம்: காப்புரிமை என்பது பேடன்ட். நீங்கள் கேட்பது பதிப்புரிமை.

30 விநாடி விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. விக்கிப்பீடியா தனக்கென்று வைத்திருக்கும் வரம்பு அது: பாட்டின் நீளத்தில் 10 சதவீதம் அல்லது 30 விநாடி, இதில் எது குறைவோ அது. நாலரை நிமிடப் பாட்டுக்கு 27 விநாடிதான் வரும். நல்ல அளவுகோல், ஆனால் கோர்ட்டில் கேடயம் ஆகாது.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பார்க்க வேண்டியது 52(1) பிரிவு. அதன் 'ஐ' (i) உட்பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படைப்பை நகலெடுப்பதை அனுமதிக்கிறது. பாடநூல் பக்கங்களை மாணவர்களுக்கு ஜெராக்ஸ் போட்டது பற்றிய டெல்லி பல்கலைக்கழக வழக்கில் (2016) இதற்கு விரிந்த பொருள் கிடைத்தது. அளவைவிட, பாடத்துக்குத் தேவையா என்பதே கேள்வி. ஆனால் அது பல்கலைக்கழகச் சூழல். கட்டண கோர்ஸுக்கு அப்படியே நீட்டிக்காதீர்கள். மேலும் அந்த உட்பிரிவு பேசுவது நகலெடுப்பதைப் பற்றி. யூடியூபில் ஏற்றுவது பொதுமக்களுக்குப் பரப்புவது. அங்கே உங்களுக்குத் துணை 'ஏ' (a) உட்பிரிவில் உள்ள விமர்சனம், திறனாய்வுதான். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது ஒலிப்பதிவுக்கும் பொருந்தும்.

பதில் (ஒலிவெட்டி):
சார் சொன்னதோடு செய்முறையும். பல்லவியை முழுசாக எடுக்காதீர்கள். பிரதி மத்தியமம் (கல்யாணியில் வரும் உயர்ந்த 'ம') தெளிவாகக் கேட்கும் ஒரு சங்கதி (ஒரு வரியைப் பாடும் விதம்) போதும், பெரும்பாலும் 6 முதல் 10 விநாடி. துணுக்குக்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், பின்னால் அந்த ஸ்வரத்தைப் பாடிக் காட்டுங்கள். பேச்சில்லாமல் ஐந்தாறு துணுக்கைக் கோத்தால் அது பாடமில்லை, பாட்டுக் கதம்பம்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வெட்டி, மோனோவாக்கி, இரு முனையிலும் ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி கால் விநாடி ஃபேட் கொடுங்கள். 64 கேபிபிஎஸ் தரமே போதும். அசலுக்கு மாற்றாக யாரும் அதைக் கேட்க மாட்டார்கள் என்பது உங்கள் பக்கத்துக்குப் பலம். படம், இசையமைப்பாளர், பாடகர் பெயரைத் திரையில் போடுங்கள். பெயர் போட்டால் அனுமதி வந்ததாக ஆகாது, அது வேறு விஷயம்.

மேளகர்த்தா29:
நன்றி. யூடியூபில் பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் கண்டென்ட் ஐடி பிடிக்காமலிருக்க அரைக் கட்டை ஏற்றிப் போடலாமா?

ஒலிவெட்டி:
வேண்டாம். ஒளித்த மாதிரி ஆகிவிடும்; பிறகு நியாயமான பயன்பாடு என்று வாதிடுவது சிரமம். துணுக்குக்கு முன்னும் பின்னும் நீங்கள் பாடும் சுருதியோடும் சேராது.

கிளெய்ம் (உரிமைக் கோரல்) வேறு, ஸ்ட்ரைக் (சேனலுக்கு விழும் எச்சரிக்கைப் புள்ளி) வேறு. கிளெய்ம் அந்த வீடியோவை மட்டும் பாதிக்கும்: விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது வீடியோ முடங்கும். டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டால் உரிமையாளர்கள் பதில் சொல்ல 30 நாள். எந்த நிமிடத்தில், எந்த ஸ்வரத்தை விளக்க, எத்தனை விநாடி என்று எழுதுங்கள். 'கல்விக்காக' என்ற ஒற்றை வரி எடுபடாது. அவர்கள் மறுத்து, நீங்கள் அப்பீலும் செய்தால், நீக்கக் கோரிக்கை வந்து ஸ்ட்ரைக் விழ வாய்ப்புண்டு. 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

பிரிவு52:
இசைத்தட்டுக்கு இரண்டு கணக்கு. தியாகராஜர் மறைந்தது 1847, கீர்த்தனைக்கு உரிமையாளர் இல்லை. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த தட்டு 2024 முடிவோடு விடுபட்டது. பாபநாசம் சிவன் பாட்டென்றால் தட்டு எவ்வளவு பழையதானாலும் பொறுக்க வேண்டும். பாட்டின் உரிமை இயற்றியவர் மறைவிலிருந்து எண்ணப்படும்: அவர் மறைந்தது 1973, உரிமை 60 ஆண்டு, அதாவது 2033 முடிய. மறுவெளியீட்டு சிடியிலிருந்து எடுக்காமல் பழைய தட்டிலிருந்தே எடுங்கள். அப்போதும் கிளெய்ம் வரலாம்; வெளியான ஆண்டு தெரியும்படி தட்டின் லேபிளைப் படமெடுத்து வைத்திருங்கள்.