சிமேக் ‘கிடைத்தது’ என்றது. எது என்று நான் கேட்கவில்லை

சிமேக் என்பது புராஜெக்ட்டுக்குத் தேவையான லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்த கோட் தொகுப்புகளை) தேடி, பில்டுக்குத் தயார்செய்யும் கருவி. லைப்ரரி கிடைக்கவில்லை என்று அது சொன்னால் பரவாயில்லை, எதை நிறுவ வேண்டும் என்றாவது தெரியும். எனக்கு இரண்டு நாள் வீணானது, எல்லாம் கிடைத்துவிட்டது என்று அது சொன்ன பிறகுதான்.

உபுண்டுவில் ஒரு சி++ புராஜெக்ட், டேட்டாவைப் பேக் செய்யும் புரோட்டோபஃப் லைப்ரரி வேண்டும். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் நிறுவி, அதைத் தேடச் சொல்லும் ஃபைண்ட்_பேக்கேஜ் வரியைச் சேர்த்தேன். கன்ஃபிகர் முடிந்தது. பில்ட் செய்ய மேக் கொடுத்ததும் பிழை: இந்தக் கோப்பை உருவாக்கிய புரோட்டோசி (புரோட்டோபஃபின் கம்பைலர்) புதியது, உங்கள் ஹெட்டர் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் கோப்பு) ஒத்துவராது, ஹெட்டரைப் புதுப்பியுங்கள். சரி என்று அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். இரண்டு முறை. அதே பிழை.

பில்ட் ஃபோல்டரில் இருக்கும் சிமேக் கேஷ் கோப்பை, அதாவது சிமேக் கண்டுபிடித்ததைக் குறித்துவைக்கும் கோப்பைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹெட்டரும் லைப்ரரியும் சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் ஃபோல்டர் பக்கம். புரோட்டோசி மட்டும் என் ஹோம் ஃபோல்டருக்குள், பைத்தான் வேலைக்காக எப்போதோ உருவாக்கிய என்விரான்மென்ட்டில். அது ஆக்டிவாக இருந்ததால் பாத்தில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) அதன் ‘bin’ ஃபோல்டர்தான் முதலில் நின்றது. தலை ஓர் ஊரில், உடம்பு ஓர் ஊரில்.

டீஆக்டிவேட் செய்து திரும்ப ஓட்டினேன். அப்போதும் அதே புரோட்டோசியே! ஒருமுறை கண்டுபிடித்ததைக் கேஷில் எழுதிவிட்டால் சிமேக் மறுபடி தேடாது. பில்ட் ஃபோல்டரையே அழித்த பிறகுதான் சரியானது. (3.24 முதல் --ஃப்ரெஷ் என்று கொடுத்தாலே போதும். எனக்கு அது பிறகுதான் தெரியும்.) வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு வெர்ஷனும் பொருந்தவில்லை என்று முதல் தடவையே ஒரு வார்னிங் வந்திருக்கிறது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பதில்:
எனக்கு நேர்மாறு. டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன் லைப்ரரி) ஜோராக வெர்ஷன் காட்டுகிறது, சிமேக்கோ அது இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. டெபியன், உபுண்டுவில் ஓடுவதற்கான லைப்ரரி ஒரு பேக்கேஜ், ஹெட்டர்கள் வேறு பேக்கேஜ். ஹெட்டர்கள் இருக்கும் லிப்எஸ்எஸ்எல்-டெவ் நிறுவியதும் வாயை மூடிக்கொண்டது. அதற்குள் கையால் பாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு மத்தியானம் போய்விட்டது.

பதில்:
நான் இன்னும் சிமேக் இல்லாமல் கையால் எழுதும் மேக்ஃபைல்தான். அதில் ஸ்டாட்டிக் லைப்ரரியை ஆப்ஜெக்ட் கோப்புக்கு (கம்பைல் ஆன என் கோட்) முன்னால் எழுதிவிட்டேன். ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ பிழை வந்தது. லைப்ரரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் என்எம் போட்டுப் பார்த்தால் ஃபங்ஷன் உள்ளேதான் இருக்கிறது! இவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். அதுவரை யாரும் கேட்காததை எடுக்காது. லைப்ரரியைக் கடைசிக்குத் தள்ளினேன், முடிந்தது. கமிட்டில் என்ன எழுதுவது என்றுதான் கூச்சமாக இருந்தது.