கடல்தொட்டியில் நீரோட்டம்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

வளவுவீட்டான், காரைக்குடி:

பெரியப்பச்சி வீட்டில் வளவை (உள்முற்றத்தை) ஒட்டி, பவளம் வளர்க்க நாலடிக் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கொடுத்தேன், சுமார் 250 லிட்டர். காளான் பவளம், ஜோவான்தஸ், ஒரு லெதர் பவளம் என்று மெல்லுடல் பவளங்கள் மட்டும்தான். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. பாறையும் செயற்கைதான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எத்தனை லிட்டர் பம்ப்?" என்றுதான் கேட்கிறார்கள். மெல்லுடல் பவளத்துக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு என்பது பொதுவான கணக்கு. அக்ரோபோரா மாதிரி கல் பவளம் என்றால் அதைவிட நிறைய வேண்டும். என் கணக்கில் எத்தனை மடங்கு என்பது இரண்டாம் பட்சம். ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் எதிரே இருக்கும் பவளத்தின் சதையைக் கிழிக்கும், பாறைக்குப் பின்னால் எட்டியும் பார்க்காது. அதனால் பக்கக் கண்ணாடிகளில் ஆளுக்கொரு வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே ஓட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) வைத்து, இரண்டையும் முன்கண்ணாடியைப் பார்க்கக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிச் சிதறுகிறது. மாறி மாறி ஓடும்படி கன்ட்ரோலரும் உண்டு.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மீன் தீனியாகப் போடும் பொடி இறாலான ஆர்ட்டிமியாவை, உறைந்ததை வாங்கிக் கரைத்துவிட்டு, அது எங்கே போய்ப் படிகிறது என்று பாருங்கள். இங்கே பின்மூலையில் படிந்தது. சிவப்புப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, அப்படிப்பட்ட இடத்தில்தான் முதலில் தலைகாட்டும். பாறையைப் பின்கண்ணாடியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்ததும் அங்கே தேக்கம் போய்விட்டது. காளான் பவளத்துக்கு மந்தமான ஓட்டமே போதும், அதைக் கீழே வைத்தேன். லெதர் நடுவில். அது இங்கும் அங்கும் ஆடினால் சரி, ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் பம்பைத் திருப்ப வேண்டும்.

அப்புறம் நீர்மட்டம். சம்ப்பிலிருந்து (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியிலிருந்து) திரும்பி வரும் குழாய் வாயை மேல்நோக்கி வைத்து, நீர்ப்பரப்பு எப்போதும் சலசலக்கும்படி செய்தேன். நம் சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் தங்கும். மேலே சின்ன மின்விசிறியும் ஓடுகிறது. வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. உப்பு ஆவியாகாதே!

உப்புக்கார ஆச்சி, தேவகோட்டை:

தம்பி, கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் தொட்டி வந்ததும் முதல் வேலையாக மெயின் பம்பை நானே நிறுத்திப் பார்த்தேன். திரும்பும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்ததால் தொட்டித் தண்ணீர் சைஃபனாகி, அதாவது குழாய் வழியே தானாகவே பின்னோக்கி இழுபட்டு, கீழே இறங்கியது. சம்ப்பில் இடம் இருந்தது, ஆத்தங்குடித் தரை தப்பித்தது. இப்போது குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கிறோம். தண்ணீர் அதுவரை இறங்கியதும் காற்று நுழைந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிடணும்.

இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் கொடுத்திருக்கிறேன். சில வாட்தான் இழுக்கும். விளக்கு அணைந்தால் பவளம் ஒன்றும் சொல்லாது, ஓட்டம் நின்றால்தான் மீனுக்கு மூச்சு முட்டும்.

பள்ளத்தூரான்:

ஆச்சி சொன்னதோடு ஒன்று. ஓட்டம் திடீரென்று குறைவதில்லை, பம்பு இறக்கையில் சுண்ணாம்பு ஏறி ஏறிக் குறையும், கண்ணுக்கும் தெரியாது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் ஊறவைத்துத் தேய்ப்பேன். எங்கள் ஆயா, "ஊறுகாய் போடுறியா?" என்று கேட்கும்.

கடல் சாமந்தி (அனிமோன்) வாங்கலாம் என்று இருக்கிறேன். அது இடம் பிடிக்கிறவரை நகர்ந்துகொண்டே இருக்கும், பம்பு வாயில் சிக்கினால் துண்டு துண்டாகித் தொட்டித் தண்ணீரையே கெடுத்துவிடும். வேவ்மேக்கருக்கு வலை போட்டால் ஓட்டம் எவ்வளவு குறைகிறது? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.