டேபென்டடால் ஊசிப் பழக்கம்: அட்மிட் ஆகாமல் ஓ.பி.யில் வைத்தியம் பார்க்க முடியுமா?

மலர்_மதுரை:
தம்பிக்கு வயது 24. டேபென்டடால் 100 மி.கி. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான், நாளைக்கு ஐந்தாறு. ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம். ஒரு தனியார் மையத்தில் 21 நாள் இருந்துவிட்டு வந்தான்; வந்த கொஞ்ச நாளிலேயே பழையபடி ஆகிவிட்டது. மறுபடி அட்மிட் என்றால் வேலை போய்விடும், ஓ.பி. என்றால் வருகிறேன் என்கிறான். ஓ.பி.யில் என்னதான் செய்வார்கள்? புப்ரினார்பின் என்ற மாற்று மருந்தைக் கொடுப்பது ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிப்பது மாதிரி என்று அந்த மையத்தில் சொன்னார்கள். போலீஸ் கேஸ் ஆகுமா என்றும் பயமாக இருக்கிறது.

மனநலவார்டு:
முடியும். இந்தப் பழக்கத்துக்கு ஓ.பி.தான் முதன்மையான வழி, அட்மிஷன் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். உங்கள் தம்பி விஷயத்தில் அதைத் தீர்மானிக்கப் போவது அல்பிரசோலம். எத்தனை மி.கி., எத்தனை மாதமாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அளவு அதிகம், கூடவே குடியும் உண்டு, முன்பு வலிப்பு வந்திருக்கிறது, தற்கொலை எண்ணம் இருக்கிறது என்றால் சில நாள் வார்டில் இருப்பதுதான் நல்லது. அப்படி இல்லையென்றால் அதே வகையில் நீண்ட நேரம் வேலை செய்யும் டயஸிபாமுக்கு மாற்றி வாரக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள்.

அடுத்தது புப்ரினார்பின். முதல் டோஸ் நேரம்தான் பலர் சறுக்கும் இடம். மூளையில் டேபென்டடால் உட்கார்ந்திருக்கும் ஏற்பிகளில் புப்ரினார்பின் அதைவிட இறுக்கமாக ஒட்டும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வாந்தி, பேதி, நடுக்கம் எல்லாம் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். "அந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று ஓடிப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான்.

அதனால் கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் இடைவெளி வேண்டும். முந்தின நாள் மாலையோடு நிறுத்திவிட்டுக் காலை ஓ.பி.க்கு வரச் சொல்வது இதற்குத்தான். கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்மணி, புல்லரிப்பு, கால் நிலைகொள்ளாமை என 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை இருக்கிறது. 8க்குக் கீழே என்றால் காத்திருக்க வைப்பார்கள், 12 தாண்டினால் தைரியமாகத் தொடங்கலாம். முதலில் 2 மி.கி., ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்தது. முதல் நாளில் 8 மி.கி.க்கு மேல் பொதுவாகப் போகமாட்டார்கள். சில நாளில் ஏக்கம் அடங்குகிற அளவு தெரிந்துவிடும். பலருக்கு அது 8 முதல் 16க்குள். அல்பிரசோலம் சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு என்பதால் இவருக்கு இன்னும் நிதானமாக ஏற்றுவார்கள்.

"இன்னொரு போதை" பேச்சுக்கு வருகிறேன். சரியான அளவில் எடுப்பவருக்குக் கிறக்கம் இருக்காது, வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டுவதை மட்டும் அளவு நிலைக்கும் வரை தள்ளிப்போடலாம். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வலி மாத்திரைக்கு அடிமையான 653 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் இந்த மருந்தை 12 வாரம் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அப்போது தேறியிருந்தார்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தி 8 வாரம் கழித்துப் பார்த்தால் 100க்கு 9 பேர் கூட இல்லை. ஆகவே மூன்று மாதத்தில் நிறுத்த அவசரப்படாதீர்கள். ஒரு வருடமாவது ஓடட்டும்.

பார்மசி_கவுண்ட்டர்:
அளவு சரியா இருந்தும் "வேலை செய்யலை"ன்னு வர்றவங்க நிறைய பேர் மாத்திரையை முழுங்கிடறாங்க. வயித்துக்குள்ள போனா கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைச்சிடும். நாக்குக்கு அடியில வெச்சு, பேசாம, எச்சிலை முழுங்காம முழுசா கரையவிடணும், 5-10 நிமிஷம் ஆகும். கரைஞ்சதும் தண்ணியால நல்லா கொப்பளிக்கணும். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பல் தேய்க்கணும், இல்லன்னா பல் சீக்கிரம் கெடும்.

நாலாக்ஸோன் (இந்த வகைப் போதையை முறிக்கிற மருந்து) சேர்ந்த மாத்திரைதான் (2 மி.கி.க்கு 0.5) கேளுங்க. நாக்குக்கு அடியில வெச்சா நாலாக்ஸோன் ஒண்ணும் பண்ணாது. கரைச்சு ஊசி போட்டா அதுவே வாந்தி, பேதி, நடுக்கத்துல தள்ளிவிட்டுடும். இது தெருமுனைக் கடையில கிடைக்கிற சரக்கு இல்லை, மையத்துலதான் தருவாங்க. ஆரம்பத்துல தினமும் எதிர்லயே போட வெப்பாங்க. வீட்டுக்குக் கொடுத்தா பெட்டியில பூட்டி, சாவி உங்க கையில இருக்கட்டும். மலச்சிக்கல் பலருக்கு வரும், மொதல்லயே சொல்லிடுறேன்.

மலர்_மதுரை:
நால்ட்ரெக்ஸோன் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் போதையே ஏறாது என்கிறார்கள். அது நல்லதில்லையா?

மனநலவார்டு:
இப்போதைக்கு அவனுக்கு அல்ல. 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் (டேபென்டடால், மார்பின், புப்ரினார்பின் வகை மருந்து) உடம்பில் இல்லாதபோதுதான் தொடங்க முடியும். கல்லீரல் பரிசோதனை பார்த்து, 25 மி.கி. கொடுத்துச் சோதித்து, பிறகு தினம் 50. இதை நிறுத்தினால் உடம்புக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, அதுதான் பிரச்சினையே. சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். தினமும் கண்ணெதிரே கொடுக்க ஆள் இருந்தால் பலன் உண்டு. எடுப்பவர் இந்த மருந்து எடுப்பதைச் சொல்லும் அட்டை ஒன்றைப் பர்ஸில் வைத்திருக்க வேண்டும்; விபத்தில் அடிபட்டால் வழக்கமான மார்பின் வகை வலி மருந்து வேலை செய்யாது.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்கும் சாதாரண ஓபியேட் பட்டை டேபென்டடாலைக் காட்டாது, புப்ரினார்பினையும் காட்டாது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை வேண்டும். "நெகட்டிவ்" என்று நம்பி நிம்மதியாக இருக்கும் வீடுகள் ஏராளம்.

வழக்குக்கட்டு:
போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ: சிறு அளவு வைத்திருந்ததற்கோ பயன்படுத்தியதற்கோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். பெரிய அளவில் விற்றவனுக்கு இது பொருந்தாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் போதைப் பழக்கமும் அடங்கும், ஆகவே சிகிச்சை விவரம் ரகசியம். சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. அடுத்த மையத்தைத் தேடும்போது நினைவில் வையுங்கள்.

எங்கே போவது என்றால், மதுரையில் ராஜாஜி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண். புப்ரினார்பின் எந்த மையத்தில் இருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள், எல்லா இடத்திலும் இராது.

மனநலவார்டு:
முதல் ஓ.பி.யிலேயே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் எடுத்துவிடுங்கள். கரைத்த மாத்திரையில் உள்ள டால்க் மாவு நுரையீரலில் போய்த் தங்கும், ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டும். கை கால் வீக்கத்தையும் காட்டுங்கள். இன்னொன்று, எப்போதாவது சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது. மையத்திலிருந்து வெளியே வந்த பிறகு நடக்கும் சாவுகளுக்கு முக்கியக் காரணம் இதுதான். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் நாலாக்ஸோன் ஊசியை உடனே எடுப்பார்கள்.