வயல் இல்லாமல் ரொட்டி ஏது?

எருக்கம்பூ: "உழவு பிறந்த பிறகே மனிதன் ரொட்டி சுட்டான்" என்று நேற்று களத்துமேடு எழுதியிருந்தார். இரவெல்லாம் உறுத்தியது. வடகிழக்கு ஜோர்டானின் சுபைக்காவில், வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்த நத்தூஃபிய மக்களின் அடுப்பில் கரிந்த ரொட்டித் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 14,400 ஆண்டுகள். அந்த வட்டாரத்தில் உழவு வர இன்னும் 4,000 ஆண்டுகள் கிடந்தன. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. படித்துவிட்டு எழுதக்கூடாதா?

களத்துமேடு: படித்தேன், தம்பி. கரித்துண்டைக் காட்டி ரொட்டி என்கிறீர்கள். என் வீட்டு அடுப்பைக் கிளறினால் அப்படி ஆயிரம் கிடைக்கும். மாவுக்குத் தானியம் வேண்டும், தானியத்துக்கு வயல் வேண்டும். வயல் இல்லாமல் ரொட்டி ஏது?

பழையசோறு: காட்டுக் கோதுமை என்று ஒன்று உண்டு, ஐயா. ஜாக் ஹார்லன் என்ற தாவர ஆய்வாளர் 1960களில் துருக்கியில் கல் அரிவாளால் அதை அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு கிலோ தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் ஓராண்டுக்கும் மிஞ்சும் என்றார். வயலுமில்லை, வரப்புமில்லை.

களத்துமேடு: ஹார்லன் அறுத்தார். சுட்டாரா? அரிவாள் பிடித்துக் கை காய்த்தவன் நான். காட்டுக் கதிர் முற்றினால் தொட்டதும் உதிரும். உதிராத கதிரைத் தந்தது உழவன் கை.

எருக்கம்பூ: உதிராத கதிர் வளர்ப்புப் பயிரின் அடையாளம், சரி. உதிர்கிற மணிக்குள் மாவு இருக்காதா? கலிலேயா ஏரிக்கரையில் ஓகாலோ என்ற இடத்தில் வாழ்ந்த மக்கள் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியத்தைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள்.

களத்துமேடு: அரைத்தால் கஞ்சி காய்ச்சலாம். நான் கேட்டது ரொட்டி.

நெல்லிமரம்: சுபைக்கா மாவில் கோரையினக் கிழங்கும் கலந்திருந்தது. அதை ரொட்டி என்பதைவிட அடை என்பதே பொருத்தம்.

பழையசோறு: பருப்பில்லாமல் அடையா?

நெல்லிமரம்: கேழ்வரகு அடைக்கு யார் பருப்பு போடுகிறார்கள்? எங்கள் பக்கம் வந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

களத்துமேடு: ரொட்டியே இல்லை என்று உங்கள் ஆளே சொல்லிவிட்டார்!

நெல்லிமரம்: நான் யாருடைய ஆளும் இல்லை. மட்பாண்ட விவாதத்திலும் இப்படித்தான் என் சொல்லைத் திரித்தீர்கள். அதற்கே இன்னும் நீங்கள் மன்னிப்பு கேட்கவில்லை.

களத்துமேடு: கேட்கும்படி எதுவும் எழுதவில்லை. உழவனை மட்டம் தட்டுவதே இங்கே சிலருக்கு வேலை.

எருக்கம்பூ: யார் மட்டம் தட்டியது? யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரைரா என்ற ஆதி உழவர் ஊரில் கிடைத்த பெண்களின் எலும்புகளைப் பாருங்கள். மண்டியிட்டு மணிக்கணக்கில் மாவரைத்துக் கால் பெருவிரல் மூட்டே சிதைந்திருந்தது. உழவின் பெருமையை அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். இன்னொன்று, நான் உங்களுக்குத் தம்பி இல்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது.

களத்துமேடு: அபு ஹுரைராவில் வயல் இருந்தது, மாவும் இருந்தது. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், தம்பி. விடியற்காலையில் களையெடுப்புக்கு ஆள் வருகிறது. மிச்சத்தை நாளை இரவு எழுதுகிறேன். வயல் இல்லாமல் ரொட்டி ஏது?

பழையசோறு: அடைக்குப் பருப்பு வேண்டும்.